மண்ணுக்கடியில் புளிக்கும் மாவு: புற்றுக்காளான் எப்படி இயங்குகிறது?

பங்குனிக் கடைசியிலோ சித்திரையிலோ விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் மேகம் கறுத்தால், இரண்டு விதமான ஆட்கள் வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். சிவகாசி, சாத்தூர் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் இருப்பவர்களுக்கு அது கெட்ட நேரம். வெயிலில் காயப்போட்ட சரக்கு நனைந்தால் போச்சு. இடி மின்னல் நெருங்கினால் வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் வெளியேற வேண்டும் என்பது வெடிபொருள் விதி. ஆடு மேய்க்கப் போகிறவர்களுக்கு அதே மழை வேறு சேதி. கண்மாய்க்கரைப் புற்றில் காளான் கிளம்புமா என்று மறுநாளிலிருந்தே கண் தேட ஆரம்பித்துவிடும்.

கிளம்பும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. இது வறண்ட பூமி. 1920களில் ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இங்கே வேர்பிடிக்க இந்த வறட்சியும் ஒரு காரணம். ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து முடிந்துவிடும். கோடையில் பெய்வது வெப்பத்தால் திரளும் மழை. ஒரு ஊரில் கொட்டும். அடுத்த ஊரில் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்விடும். போதாததற்கு இன்னொரு புதிரும் உண்டு. ஒரே கரை, ஒரே மழை, பத்தடி தூரத்தில் இரண்டு புற்று; ஒன்றில் மடி நிறையக் காளான், இன்னொன்றில் ஒன்றுமே இருக்காது.

மழை பெய்தது, காளான் முளைத்தது என்று பேசிப் பழகிவிட்டோம். மழைக்கு வெகுநாள் முன்பிருந்தே காளான் புற்றுக்குள் தயாராகிக்கொண்டிருக்கிறது. மழை செய்வது கடைசி வேலை மட்டும்தான். இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டு இட்லி மாவை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அரிசியும் உளுந்தும் ஊற வேண்டும், அரைபட வேண்டும், பழைய மாவு ஒரு கரண்டி சேர்ந்தால் நல்லது, சூடு சரியாக இருக்க வேண்டும், பிறகு பொங்க வேண்டும். புற்றுக்குள் ஏறக்குறைய இதே வரிசையில்தான் எல்லாம் நடக்கிறது.

அரைப்பவர்கள்

புற்றுக்குள் இருப்பது பாம்பு என்பது நம் நம்பிக்கை. பாம்பு பின்னால் வந்து குடியேறுவது. கட்டியவை கறையான்கள். நம் பக்கம் பெரிய மண்புற்று எழுப்புவதில் முக்கியமானது ஓடோன்டோடெர்மெஸ் என்ற பேரினம். அவை வெளியே போய்க் காய்ந்த புல், சருகு, சோளத்தட்டை, பருத்திமார், காய்ந்த சாணி என்று கிடைத்ததையெல்லாம் அரித்துக்கொண்டு வருகின்றன. அவற்றில் இருக்கும் மரநார்ச் சத்தைக் கறையான்களால் தனியாக முழுதும் செரிக்க முடியாது. ஊறாத பச்சரிசியை நாம் மென்று விழுங்கினால் எப்படியோ அப்படித்தான்.

ஆகவே அரைக்கிறார்கள். கொண்டுவந்த சருகை இளவயதுக் கறையான்கள் மென்று விழுங்குகின்றன. அது வயிற்றில் அதிகநேரம் தங்குவதில்லை; பாதி செரித்த நிலையிலேயே சின்னச் சின்ன உருண்டைகளாக வெளியே வருகிறது. அந்த உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, துளையும் மடிப்புமாக மெத்தென்ற ஒரு திரளை எழுப்புகின்றன. புற்றை வெட்டியவர்கள் பார்த்திருப்பார்கள். புற்றாஞ்சோறு என்பது அதைத்தான். ஆட்டுரலிலிருந்து வழித்துப் பானையில் ஊற்றிய மாவு அது.

உறை சேர்க்க வேண்டுமே? பழைய புற்றாஞ்சோற்றின் மேல் வெள்ளை வெள்ளையாகக் கடுகளவு முடிச்சுகள் பூத்திருக்கும். உள்ளே வளரும் பூஞ்சையின் வித்துகள் நிறைந்த முடிச்சுகள் அவை. இளம் கறையான்கள் சருகோடு சேர்த்து இந்த முடிச்சுகளையும் தின்கின்றன. வயிற்றைக் கடந்து வந்தும் வித்துகள் சாவதில்லை. எனவே புதிதாக வைக்கப்படும் ஒவ்வொரு உருண்டையும் உறை கலந்தே வருகிறது. நேற்றைய மாவில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய மாவில் கலக்கிற வேலையை, அரைக்கும்போதே முடித்துவிடுகிறார்கள்.

அந்தப் பூஞ்சைதான் டெர்மிடோமைசிஸ். பிரெஞ்சு ஆய்வாளர் ரோஜே ஹைம் 1942இல் இந்தப் பேரினத்தைத் தனியாகப் பிரித்துப் பெயரிட்டார். நம் தென்னிந்தியப் புற்றுகளில் வளரும் ஓர் இனத்தை 1979இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் க. நடராஜன் விவரித்து, ஹைமைச் சிறப்பிக்கும் வகையில் டெர்மிடோமைசிஸ் ஹைமி என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. எல்லாமே கறையானோடு சேர்ந்தே வாழ்பவை. இந்தக் கூட்டுக் குடித்தனம் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தொடங்கியது என்கிறார்கள். மனிதன் மாவு புளிக்க வைப்பது நேற்றைய சங்கதி.

புளிக்கும் அறை

விருதுநகர் வெயிலில் மாவு அரைத்தவர்களுக்குத் தெரியும். மே மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கு ஆட்டி வைத்தால் விடியுமுன் பொங்கி வழிந்து, காலையில் இட்லி புளிப்பு தூக்கலாக இருக்கும். கொடைக்கானலில் அதே மாவு மறுநாள் மதியம்வரை அசையாமல் கிடக்கும். சுமார் 30 பாகை வெப்பம் இருந்தால் மாவுக்குச் சுகம்.

டெர்மிடோமைசிஸுக்கும் ஏறக்குறைய அதே சூடுதான் பிடிக்கும். வெளியே 40 பாகை வெயில் அடித்தாலும் மார்கழிப் பனி இறங்கினாலும், புற்றின் ஆழத்தில் புற்றாஞ்சோற்று அறைகள் 30 பாகையை ஒட்டியே நிற்கின்றன. காற்றில் ஈரம் ஏறக்குறைய நூறு சதம். கீழே இருந்து ஈர மண்ணை ஏற்றிவந்து பூசுவது, கனத்த சுவர் எழுப்புவது என்று கறையான்கள் இதற்காகவே உழைக்கின்றன. பூஞ்சை அந்த வெப்பத்திலும் ஈரத்திலும் மரநாரை உடைத்து மென்மையாக்குகிறது. சில வாரங்களில் மாவு பதமாகிவிடும். அதன் பிறகு வயதான கறையான்கள் அடியிலிருந்து அதைத் தின்றுகொண்டு வர, மேலே புதுமாவு ஏறிக்கொண்டே இருக்கும். பானை காலியாவதே இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு துண்டு புற்றாஞ்சோற்றை எடுத்து வந்து கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி வையுங்கள். கறையான் இல்லாமல் சில நாள் போனால் வேறு பூசணங்கள் அதை மூடிவிடும். சைலேரியா வகைப் பூஞ்சை ஒன்று நூல் நூலாகக் கிளம்பி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அது உள்ளேயே பதுங்கியிருந்ததுதான். கறையான்கள் இரவும் பகலும் மேய்ந்து, நக்கி, களைந்து அதை அடக்கி வைத்திருந்தன. கவனிப்பாரில்லாத மாவின் மேல் பூசணம் பூப்பதைப் போலத்தான் இதுவும்.

புற்றுக்காளானை இதுவரை யாரும் பண்ணையில் வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுவர முடியாததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஆய்வகத் தட்டில் பூஞ்சை இழையை வளர்த்துவிடலாம். கறையான் செய்கிற சமையல் வேலையை நம்மால் செய்ய முடியவில்லை. இதே மாவட்டத்து அருப்புக்கோட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998இல் ஏபிகே 2 என்ற பால்காளான் ரகம் வந்தது. பால்காளானும் ஒரு காலத்தில் காட்டில் கிடைத்த காளான்தான். மேற்கு வங்கத்திலிருந்து 1974இல் விவரிக்கப்பட்டது. அது வெறும் வைக்கோலில் வளரும், மேல்மண் மூடினால் போதும், 30 முதல் 35 பாகை வெப்பத்தையும் தாங்கும். அதனால் வறண்ட நம் பூமிக்கு அது கிடைத்தது. காட்டிலிருந்து வந்த ஒரு காளானை விருதுநகர் மாவட்டமே வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது என்பதை நம்மில் பலர் அறியாமலே பால்காளான் வாங்கிக்கொண்டிருக்கிறோம். புற்றுக்காளான் மட்டும் இன்னும் புற்றிடமே இருக்கிறது.

மூடி திறக்கும் நேரம்

சாதாரண நாட்களில் அந்த வெள்ளை முடிச்சுகளைக் கறையான்கள் மேய்ந்துகொண்டே இருப்பதால் காளான் குடையாக வளர வழியில்லை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மழைக்காலத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் சில முடிச்சுகள் தப்பிவிடுகின்றன. புற்றாஞ்சோற்றிலிருந்து ஒரு தண்டு மேல்நோக்கிப் புறப்படுகிறது. அறை ஒரு முழ ஆழத்திலும் இருக்கலாம், அதற்குக் கீழும் இருக்கலாம். அத்தனை மண்ணையும் துளைத்துக்கொண்டு வர வேண்டும். அதற்காகவே தலையின் உச்சியில் கெட்டியான ஒரு கூர்முனை இருக்கிறது. நாம் பறிக்கும்போது அடியில் நீளமாக வேர் மாதிரி வருகிறதே, அது வேர் இல்லை. அறையிலிருந்து மேலே வந்த பாதையின் தண்டு.

மாவுக் கணக்கு இந்த இடத்தில் பொருந்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும். மாவு பொங்குவது உள்ளே உண்டாகும் வாயுவால். காளான் எழுவது தண்ணீரால். மண்ணுக்குள் இருக்கும்போதே மொக்கின் செல்கள் பெரும்பாலும் உருவாகி முடிந்திருக்கும். ஈரம் கிடைத்ததும் ஒவ்வொரு செல்லும் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. அந்த அழுத்தம்தான் இறுகிய மண்ணைப் பிளக்கிறது. நேற்றுச் சாயங்காலம் வெறும் மேடாக இருந்த இடத்தில் விடிந்ததும் குடை நிற்பது இதனால்தான். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்.

அப்படியானால் எப்படிப்பட்ட மழை வேண்டும்? கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். முதல் மழையைப் பூமி வெடிப்பு வழியாகக் குடித்துவிடும்; மேல்மண் கால்மணி நேரத்தில் காய்ந்துவிடும். அரைமணி நேரம் அடித்து ஊற்றி ஓடையில் போய்ச் சேர்கிற மழையும் புற்றுக்குப் பயன்படாது. அடுத்தடுத்து இரண்டு மூன்று மழை, நடுவே மூடாக்கு, ராத்திரியில் புழுக்கம் என்று அமைந்தால்தான் ஈரம் ஆழத்துக்கு இறங்கி அங்கேயே நிற்கும். மழை பெய்த மறுநாளே வெயில் சுள்ளென்று அடித்தால் பாதி வழியில் வந்த மொக்கு வாடிவிடும். சித்திரை மழையில் பலமுறை ஏமாறுவதும், ஐப்பசி அடைமழையில் பெரும்பாலும் கிடைப்பதும் இதனால்தான். இடமும் முக்கியம். நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கிற அசல் கரிசலில் புற்று நிலைப்பது கஷ்டம். செவலிலும் சரளையிலும் கண்மாய்க்கரையிலும் சீமைக்கருவேல நிழலிலும் தேடுவதே சரி.

பக்கத்துப் பக்கத்துப் புற்றில் ஒன்று மட்டும் காளான் விடும் புதிரும் இங்கே அவிழ்கிறது. இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் மாவு ஆட்டவில்லை. ஒரு புற்றின் வயது, அதில் உள்ள அறைகளின் ஆழம், அந்த வருஷம் அது சேர்த்த சருகு எல்லாம் வேறு. மழை ஒன்றுதான், பதம் வேறு வேறு.

இடி இடித்தால் காளான் கிளம்பும் என்று நம் ஊரில் சொல்வார்கள். ஜப்பானிலும் அப்படியே ஒரு நம்பிக்கை உண்டு. அங்கே இவாத்தே பல்கலைக்கழகத்தில் மரக்கட்டைகளில் வளரும் ஷிடாக்கே காளானுக்குச் செயற்கையாக மின்னல் போன்ற உயர் மின்னழுத்தத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். விளைச்சல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அது மரக்கட்டைக் காளான். புற்றுக்காளானுக்கும் அப்படித்தான் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கோடை இடியோடு வருகிற மழைதான் நம் புற்றை எழுப்புகிறது என்பதே எனக்குப் போதுமான விளக்கமாகப் படுகிறது.

பக்கத்து வீட்டு உறை

காளானுக்கு முன்னால் ஈசல் வரும். முதல் நல்ல மழை முடிந்த அந்தியில் விளக்கைச் சுற்றி மொய்க்கிறதே, அவை இறக்கை முளைத்த கறையான்கள். நம் பக்கம் பிடித்து வறுத்துத் தின்பதும் உண்டு. தப்பியவை இறக்கையை உதிர்த்து, ஜோடி சேர்ந்து, மண்ணுக்குள் புகுந்து புதுக் குடித்தனம் தொடங்கும். ஆனால் பெரும்பாலான இனங்களில் இந்த ஜோடி தாய்வீட்டிலிருந்து பூஞ்சையைக் கொண்டுவருவதில்லை. வெறும் பானையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் குஞ்சுகள் வளர்ந்து வெளியே சருகு தேடப் போகும்போதுதான் உறை கிடைக்கிறது. அந்த நேரத்தில் பழைய புற்றுகளில் காளான் விரிந்து, அதன் வித்துகள் புல்லிலும் சருகிலும் படிந்திருக்கும். சருகோடு அதுவும் உள்ளே வரும். புதுக்குடித்தனத்து மருமகள் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி மாவு வாங்கி வருவது மாதிரியேதான்.

பறிக்கிறவர்கள் எல்லோரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஒரு புற்றில் இருக்கும் மொக்கையெல்லாம் விரியுமுன்பே வழித்து எடுத்துவிட்டால் அந்த வட்டாரத்துப் புதுப் புற்றுகளுக்கு உறை கிடையாது. கோவாவில் மழைக்காலப் புற்றுக்காளானுக்கு விலை ஏறி, காட்டுக்குள் போய் ஒட்ட ஒட்டப் பறிக்கிற நிலை வந்தது. சரணாலயங்களில் பறிக்கக் கூடாது என்று வனத்துறை எச்சரிக்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் அந்த அளவு வியாபாரம் இல்லை. நம் புற்றுகளுக்கு ஆபத்து பொக்லைன் வண்டியிலும் கறையான் மருந்திலும் வருகிறது. அம்மன் குடியிருக்கிறாள் என்று மஞ்சள் பூசிய புற்றுகளை யாரும் தொடுவதில்லை. மஞ்சள் பூசாத புற்றுகளுக்கும் அந்த மரியாதை கிடைத்தால் நன்றாயிருக்கும்.

சட்டியில் ஏறும் முன்

2022 ஏப்ரலில் அசாமில் தேயிலைத் தோட்டப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் காட்டுக்காளான் சமைத்துச் சாப்பிட்டு, ஒரு குழந்தை உட்பட 13 பேர் சில நாட்களுக்குள் இறந்தார்கள். பருவமழைக்கு முந்தைய கோடை மழையில் முளைத்த காளான் அது. அமானிடா வகையில் சில இனங்களில் இருக்கும் அமடாக்ஸின் என்ற நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும். அடுத்த நாள் தேறியது மாதிரித் தோன்றும். அந்த இடைவெளியில் நஞ்சு ஈரலைத் தின்றுகொண்டிருக்கும்.

நம் சமவெளியில் அடிக்கடி ஏமாற்றுவது வேறொன்று. புல்வெளியிலும் எருக்குவியல் ஓரத்திலும் வெள்ளையாக, மேலே பழுப்புச் செதில்களோடு பெரிதாக விரிகிற காளான். நாளானால் அதன் குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் பச்சையாகும். வெள்ளைத்தாளில் கவிழ்த்து வைத்தால் பச்சை நிறப் பொடி படியும். தின்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் குடலைப் புரட்டி எடுத்துவிடும்.

வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பவையெல்லாம் பொய்யான சோதனைகள். தயவுசெய்து அவற்றை நம்ப வேண்டாம். புற்றுக்காளானை அதன் பிறந்த வீட்டை வைத்துப் பார்க்க வேண்டும். மெதுவாகத் தோண்டினால் நீண்ட தண்டு இறங்கிப் போய்ப் புற்றாஞ்சோற்றில் முடிய வேண்டும். உச்சியில் கூர்முனை இருக்க வேண்டும். தாளில் கவிழ்த்தால் வித்துப்பொடி இளஞ்சிவப்பாக விழ வேண்டும். அடியில் பை மாதிரி உறை இருந்தால் அது அமானிடாவாக இருக்கலாம்; தொடாதீர்கள். நீண்ட அடித்தண்டு வேறு சில காளான்களுக்கும் உண்டு என்பதால் ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. மண்ணின் மேல் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும் குட்டிக் காளான் ஒன்றும் இதே குடும்பம்தான்; கறையான்கள் வெளியே தள்ளிய புற்றாஞ்சோற்றுத் துணுக்குகளில் முளைப்பதால் அதற்கு நீளத்தண்டு இருக்காது. பழகிய கண் இல்லாதவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது. மேய்ச்சலுக்குப் போகும் பெரியம்மா யாராவது "அது வேணாம் தம்பி, போட்டுரு" என்றால் மறுபேச்சுப் பேசாமல் போட்டுவிடுங்கள்.

நம் வட்டாரத்துக்கென்று இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பட்டாசுக் கழிவு கொட்டிய இடம், சாலையோரம், கறையான் மருந்து ஊற்றிய புற்று ஆகியவற்றில் பறிக்கவே கூடாது. மண்ணில் உள்ள உலோகங்களைக் காளான் தன்னுள் சேர்த்துக்கொள்ளும்.

பறித்தால் அன்றைக்கே சமைத்துவிடுங்கள். சின்ன வெங்காயமும் மிளகும் நல்லெண்ணெயும் போதும், நன்றாக வேக வேண்டும். சமைக்குமுன் ஒரு காளானை முழுதாகத் தனியே எடுத்து வையுங்கள். யாருக்காவது வயிறு சரியில்லை என்றால், தேறிவிட்டது போலத் தெரிந்தாலும், 108ஐ அழைத்து அந்தக் காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். எந்தப் புற்றில் பறித்தாலும் விரிந்த குடை இரண்டு மூன்றை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.